வானத்திலும் சட்டம் ஒன்றாக இருக்கட்டும்! – லால்பேட்டை தெருமுனைக் கூட்ட உரை

லால்பேட்டையில் நடந்த நமது கட்சியின் தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை இது. நேரில் வர முடியாத உறவுகளுக்காக, குறிப்பாக வெளிநாட்டில் இருந்து இந்தப் பக்கத்தைப் பார்க்கும் சொந்தங்களுக்காக, முழுமையாகப் பதிவிடுகிறோம்.



இன்னைக்கு விமானத்தைப் பத்திப் பேசப் போறேன்னு சொன்னதும் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, சாக்கடை, சாலைன்னு ஆயிரம் பிரச்சினை கிடக்கு. இந்தத் தெருவுல நின்னுக்கிட்டு எதுக்குண்ணே விமானம்?" நியாயமான கேள்விதான். ஆனா வீராணத்துத் தண்ணி சென்னைக்குப் போற மாதிரி, நம்ம பிள்ளைங்க துபாய்க்கும் சவூதிக்கும் குவைத்துக்கும் போற ஊரு இது. விமான நிலைய வரிசையில நிக்காத குடும்பம் இங்கே எத்தனை இருக்கும்? அதனால இது நம்ம பிரச்சினைதான்.

நம்ம பிள்ளை எப்படிப் போறான்? ராத்திரி வேன் பிடிச்சு சென்னைக்கோ திருச்சிக்கோ போறான். வாசல்ல துப்பாக்கியோட நிக்கிற தொழில் பாதுகாப்புப் படை வீரர்கிட்ட டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் காட்டுறான். பெட்டியை எக்ஸ்ரே பண்றாங்க. அம்மா கட்டிக் கொடுத்த ஊறுகாய் பாட்டில் கைப்பையில இருந்தா எடுத்து வெச்சுடுறாங்க. பெல்ட்டைக் கழட்டு, செருப்பைக் கழட்டு. அப்புறம் குடியேற்ற அதிகாரி. பத்தாம் வகுப்பு தேறாத பிள்ளைன்னா பாஸ்போர்ட்டே வேற வகை. 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவனுக்கு அரசின் தனி அனுமதி வேணும்.

இந்தச் சோதனையே வேண்டாம்னு நாங்க சொல்லல. 1984 ஆகஸ்ட் 2ஆம் தேதி மீனம்பாக்கத்துல பெட்டிக்குள்ள இருந்த குண்டு வெடிச்சு 30 பேருக்கு மேல செத்துப் போனாங்க. அடுத்த வருஷம் ஜூன் 23ஆம் தேதி ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் கடலுக்கு மேல வெடிச்சு 329 பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம்தான் 1987ல விமானப் பாதுகாப்புக்குன்னு தனித் துறையே உருவாச்சு. சோதனை நம்ம உயிரைக் காப்பாத்துற வேலை. அதுல நமக்கு மாறுபாடு இல்லை.

நம்ம கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். சொந்த விமானத்துல வர்றவங்களுக்கும், அதுவும் ராணுவ விமானத் தளத்துல வந்து இறங்குறவங்களுக்கும், இதே கண்டிப்பு இருக்கா? இருந்தா, அந்த விதி என்னன்னு மக்களுக்குச் சொல்லுங்க.

ஏன் கேக்கிறோம்? 2024 மார்ச் மாதத்தை நினைச்சுப் பாருங்க. குஜராத்தில் ஜாம்நகர். அந்த விமான நிலையம் இந்திய விமானப்படையின் தளம். ஓரத்துல பயணிகளுக்கு ஒரு சின்னக் கட்டடம். நாளுக்கு ஒரு சில விமானங்கள்தான் வந்து போகும். நாட்டின் பெரும் பணக்காரர் வீட்டில் திருமணத்துக்கு முந்தைய கொண்டாட்டம் அங்கே நடந்தது. அதற்காக பிப்ரவரி 25 முதல் மார்ச் 5 வரை பத்து நாட்களுக்கு அந்தத் தளத்துக்கு சர்வதேச விமான நிலையத் தகுதி கொடுக்கப்பட்டது. சுங்கம், குடியேற்றம், நோய்த் தடுப்புச் சோதனை என மூன்று துறைகளும் அங்கே போய் உட்கார்ந்தன. வெளிநாட்டுச் செல்வந்தர்கள், பாடகர்கள், நடிகர்கள் எல்லாம் சொந்த விமானத்தில் வந்து இறங்கினார்கள். விமானப்படையின் முக்கியமான தொழில்நுட்பப் பகுதியில் விமானம் நிறுத்தவும் அனுமதி தரப்பட்டதாக அப்போது நாளேட்டில் செய்தி வந்தது.

வந்தவங்களைச் சோதிக்கலைன்னு நான் சொல்லல. ஒரு வீட்டுக் கல்யாணத்தைக் குறை சொல்லவும் வரல, நல்லா இருக்கட்டும். எந்த விதிப்படி, யார் கையெழுத்துல, என்ன நிபந்தனையோட அந்த வாசல் திறந்தது? அதுதான் கேள்வி. மதுரையில் இருந்து 2012 முதல் வெளிநாட்டுக்கு விமானம் பறக்குது. தென் மாவட்டமே திரண்டு கேட்டும் அந்த 2024 மார்ச்சில் மதுரைக்கு சர்வதேசத் தகுதி இல்லை. ஜாம்நகருக்கு மட்டும் உடனே கிடைச்சது எப்படின்னு தமிழ்நாட்டில் அன்னைக்கே கேட்டார்கள். பதில்தான் இன்னும் நமக்குப் புரியல.

ராணுவத் தளம்னா எங்கேயோ குஜராத்துல மட்டும் இல்லை. தஞ்சாவூர், சூலூர், தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கு. அரக்கோணத்தில் ராஜாளி, உச்சிப்புளியில் பருந்து என்று கடற்படைத் தளங்கள் இருக்கு. நாளைக்கு இதுல ஒண்ணு திறந்தா என்ன விதி?

காகிதத்தில் அனுமதி இருந்தால் மட்டும் போதாது தோழர்களே. அதற்கு ரத்தம் உறைய வைக்கிற சான்று இந்த நாட்டிலேயே இருக்கு.

1995 டிசம்பர் 17. பல்கேரியாவில் இருந்து ஆயுதம் ஏற்றிய ஓர் ஆன்டோனோவ் சரக்கு விமானம் கராச்சி வழியாக இந்தியாவுக்குள் வந்தது. ராணுவ விமானம் இல்லை, தனியார் விமானம். வாரணாசியில் இறங்கி எரிபொருள் நிரப்பியது. யாரும் உள்ளே திறந்து பார்க்கவில்லை. அன்று இரவு மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்துக் கிராமங்கள் மேல் பாராசூட்டில் நூற்றுக்கணக்கான ஏ.கே.47 துப்பாக்கிகளையும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தோட்டாக்களையும் போட்டுவிட்டுப் போனது. காலையில் வயலுக்குப் போன ஜனங்கள் துப்பாக்கியைப் பொறுக்கினார்கள்! இப்படி ஒன்று நடக்கலாம் என்று பிரிட்டிஷ் உளவுத்துறை முன்கூட்டியே எச்சரித்தும் இருந்தது.

அதைவிடக் கொடுமை இதுதான். அந்த விமானம் தாய்லாந்தின் புக்கெட்டுக்குப் போய்விட்டு, சில நாள் கழித்து மறுபடியும் நம் வான்வெளிக்குள் வந்தது. எங்கே இறங்கியது தெரியுமா? நம்ம சென்னையில்! எரிபொருள் நிரப்பிக்கொண்டு கிளம்பியும் போனது. அப்புறம்தான் விமானப்படையின் மிக் விமானம் அதை வழிமறித்து பம்பாயில் இறக்கியது. அங்கேயும் முக்கியக் குற்றவாளியான டென்மார்க்காரர் விமான நிலையத்தில் இருந்தே தப்பிவிட்டார். விசாரணைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டும் டென்மார்க் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

ஊறுகாய் பாட்டில் தாண்ட முடியாத சென்னை விமான நிலையத்தை அந்த விமானம் தாண்டிப் போச்சு. ஏன்? அது வரிசையில நிக்கல. வரிசையில நிக்கிறவனை மட்டும் சோதிச்சா, வரிசைக்கு வெளியே வர்ற ஆபத்து தப்பிச்சுடும். இது பொறாமைப் பேச்சு இல்லை, நாட்டுப் பாதுகாப்புப் பேச்சு.

செல்வாக்குக்கு ராணுவத் தளத்தைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு தென்னாப்பிரிக்கா ஒரு பாடம். 2013 ஏப்ரல் 30 அன்று குப்தா குடும்பத்துத் திருமணத்துக்காக இந்தியாவில் இருந்து சுமார் 200 விருந்தினருடன் ஒரு விமானம் வாட்டர்குளூஃப் விமானப்படைத் தளத்தில் இறங்கியது. நாட்டுத் தலைவர்கள் வந்து இறங்கும் இடம் அது. அதிபருக்கு நெருங்கியவர்கள் என்ற ஒரே பேச்சில் வாசல் திறந்தது. நாடே கொதித்தது. பழியை ஏற்ற அதிகாரி பின்னர் வெளிநாட்டுத் தூதராக அனுப்பப்பட்டார். அந்த விமானம்தான் ஒரு குடும்பம் அரசையே கையில் வைத்திருந்ததை மக்களுக்குக் காட்டிக்கொடுத்தது. 2018ல் அதிபர் பதவி விலகினார்.

சரி, முறையா செய்ய முடியாதா? முடியும். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன். வெள்ளை மாளிகைக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் ரீகன் விமான நிலையம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அங்கே தனியார் விமானங்கள் இறங்கத் தடை. நான்கு ஆண்டு கழித்து, 2005 அக்டோபரில், நிபந்தனையோடு திறந்தார்கள். விமானிகளின் கைரேகை வைத்துக் குற்றப் பின்னணி பார்க்கணும். பயணிகளின் பெயர்ப் பட்டியல் 24 மணி நேரம் முன்னாடியே வரணும். நேரா வந்து இறங்கக் கூடாது. குறிப்பிட்ட வேறொரு விமான நிலையத்தில் முதலில் இறங்கி ஆளையும் பெட்டியையும் விமானத்தையும் சோதிச்ச பிறகுதான் வரணும். ஆயுதம் தாங்கிய பாதுகாப்பு அதிகாரி ஒருவர் உள்ளேயே இருக்கணும். நாளுக்கு இத்தனை விமானம்தான் என்று கணக்கும் உண்டு. இத்தனையும் எழுதப்பட்ட விதி. கோடீஸ்வரனும் படிக்கலாம், குடிமகனும் படிக்கலாம்.

அதே அமெரிக்காவின் இன்னொரு முகத்தையும் சொல்லணும். 2012 ஏப்ரலில் நடிகர் ஷாருக் கான் நியூயார்க் அருகே ஒரு விமான நிலையத்தில் தனியார் விமானத்தில்தான் இறங்கினார். உடன் வந்தவர்களை அனுப்பிவிட்டு, அவரை மட்டும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்தார்கள். அப்புறம் வருத்தம் தெரிவித்தார்கள். பேரைப் பார்த்து சந்தேகப்படுறது பாதுகாப்பு இல்லை. அது பாதுகாப்புக்கே கேடு. நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு இதை விளக்கணுமா என்ன?

நம்ம ராமேஸ்வரத்து அப்துல் கலாம் அய்யாவை எண்ணிப் பாருங்க. முன்னாள் குடியரசுத் தலைவர் என்ற முறையில் அவருக்கு உடல் சோதனையில் இருந்து விலக்கு உண்டு. 2009ல் டெல்லி விமான நிலையத்தில் ஓர் அமெரிக்க விமான நிறுவனம் அவரைச் சோதித்தது. நாடாளுமன்றமே கொதித்தது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஆனா கலாம் அய்யா ஒரு புகாரும் சொல்லாம பொறுமையா நின்னுட்டுப் போனார். அவ்வளவு பெரிய மனிதரே நின்ன வரிசை தோழர்களே!

அதனால் நாம் கேட்பது நான்குதான்.

ஒன்று: ராணுவத் தளங்களில் தனியார் விமானம் இறங்க என்ன தகுதி, என்ன சோதனை என்பதை எழுத்தில் வெளியிடுங்கள். அனுமதி கொடுத்தால், யாருக்கு, எதற்கு, எத்தனை நாள் என்பதை நாடாளுமன்றத்தில் வையுங்கள்.

இரண்டு: விமானி, பயணி, பெட்டி, சரக்கு எதுவாக இருந்தாலும் ராணுவத் தளத்துக்கு வருமுன் ஒரு பொது விமான நிலையத்தில் இறக்கிச் சோதியுங்கள்.

மூன்று: தற்காலிக சர்வதேசத் தகுதிக்கு ஒரே அளவுகோல் வையுங்கள். பணக்காரர் கேட்டாலும் மக்கள் கேட்டாலும் அதே அளவுகோல்.

நான்கு: சாதாரணப் பயணியைத் தனியாக நிறுத்தினால் காரணத்தை அவனுக்குப் புரியும் மொழியில், தமிழில், எழுதிக் கொடுங்கள். ஒரு மணி நேரத் தாமதத்தில் விமானத்தைத் தவறவிட்டால் அவனுக்கு விசாவும் போகும், வேலையும் போகும், வாங்கிய கடன் மட்டும் நிற்கும்.

அடுத்த வாரமும் இந்தத் தெருவிலிருந்து ஒரு பிள்ளை பெட்டியோட கிளம்புவான். செருப்பைக் கழட்டச் சொன்னா கழட்டுவான். கழட்டுறதுல அவனுக்கு வெட்கம் இல்லை. எல்லாரும் கழட்டுறாங்கன்னு அவனுக்குத் தெரியணும், அவ்வளவுதான்.



இந்த உரையைப் படித்த உறவுகள் பகிருங்கள். விமான நிலையத்தில் உங்களுக்கு நேர்ந்ததைக் கீழே எழுதுங்கள்.

#லால்பேட்டை #சோதனை_எல்லோருக்கும்_ஒன்றே