அடிபட்ட வண்டியும் அலைன்மென்ட் சீட்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மெக்கானிக்கல் படிச்சவன், போடியில பட்டறை வச்சிருக்கான், ஏதாச்சும் உபயோகமா பேசட்டும்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்த உபயோகமான விஷயம் ஒன்றுதான். அடிபட்டு, டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்து விற்பனைக்கு வரும் பழைய காரை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது. இந்த அரங்கில் பாதிப் பேர் முதல் காரை செகண்ட் ஹேண்டாகத்தான் வாங்கியிருப்பீர்கள். மீதிப் பேர் பிள்ளைக்கு வாங்கித் தரப்போகிறீர்கள். அதனால் பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் சிலமலை. போடியிலிருந்து தேவாரம் போகிற சாலையில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒருவர் கார் வாங்கினால் அது சமவெளியிலேயே நிற்காது. முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போயாக வேண்டும். நேர் ரோட்டில் "லேசா ஒரு பக்கம் இழுக்குது" என்று சொல்லிச் சமாளிக்கிற வண்டி, அந்த இறக்கத்தில் மழை பெய்யும்போது பிரேக்கை மிதித்தால் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

சில வருஷங்களுக்கு முன் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை ஒருவர் ஒரு சின்ன காரோடு வந்தார். வெளியூர்ப் புரோக்கர் மூலம் வாங்கிய ஆறு வருஷத்து வண்டி. பெயின்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் 4,000 கிலோமீட்டருக்குள் முன்பக்க இடது டயரின் வெளி ஓரம் மொட்டை. ஸ்டியரிங்கை லேசாக விட்டால் வண்டி இடது பக்கம் போகிறது. மூன்று இடத்தில் அலைன்மென்ட் பார்த்து மூன்று சீட்டு வைத்திருந்தார். "அண்ணே, மூணுலயும் டோ பச்சையாத்தான் இருக்கு. அப்புறம் ஏண்ணே டயர் தேயுது?" என்றார்.

நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கொஞ்சம் பாடம் நடத்த வேண்டும். ஆசிரியர்கள் மன்னிக்கவும்.

சக்கரத்துக்கு முக்கியமான கோணம் மூன்று. நாம் நடக்கும்போது பாதம் உள்ளே திரும்பியிருக்கிறதா, வெளியே திரும்பியிருக்கிறதா என்பது போன்றது டோ. முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது கேம்பர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இருப்பதால்தானே கையை விட்டாலும் நேராக ஓடுகிறது, அந்தச் சாய்வுதான் காஸ்டர்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு, நம் ஊர்ச் சின்ன கார்களில் பெரும்பாலும் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்தான். எர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வடிவமைத்தது. 1950-இல் இங்கிலாந்தின் ஃபோர்டு கான்சல் காரில் வந்தது. மலிவு, எளிமை, இடம் அடைக்காது. ஆனால் இந்த வண்டிகள் பலவற்றில் டை ராடைத் திருகி டோவை மட்டும்தான் மாற்ற முடியும். கேம்பரும் காஸ்டரும் கம்பெனியில் வைத்தது வைத்ததுதான். அவை மாறியிருந்தால் எங்கேயோ இரும்பு வளைந்திருக்கிறது, அல்லது ஏதோ ஒரு பாகம் தேய்ந்தோ தளர்ந்தோ இருக்கிறது என்று அர்த்தம். வளைந்த வண்டியிலும் டோவைப் பச்சைக்குக் கொண்டுவரலாம். கால் ஒடிந்தவனுக்குச் செருப்பை நேராக மாட்டிவிடுவது மாதிரி!

அவருடைய மூன்று சீட்டிலும் கேம்பர் சிவப்பில் இருந்தது; யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பித்தான் காஸ்டர் எடுக்க வேண்டும், அதற்கு நேரமாகும் என்பதால் அந்தக் கட்டமே காலி.

எதையும் திருகாமல் எல்லா ரீடிங்கும் எடுத்தோம். கேம்பர் வலது பக்கம் மைனஸ் 20 நிமிடம், இடது பக்கம் பிளஸ் 1 டிகிரி 10 நிமிடம். காஸ்டர் வலது 3 டிகிரி 10 நிமிடம், இடது 2 டிகிரி. கேம்பர் எந்தப் பக்கம் பிளஸ் அதிகமோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும். காஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கமும் இழுக்கும். இங்கே இரண்டும் இடது. டயரின் வெளி ஓரம் தேய்ந்ததற்கும் கேம்பர்தான் காரணம்.

அடுத்து, வளைந்தது எது? இங்கேதான் நான்காவது கோணம் ஒன்று கைகொடுக்கும். ஸ்டியரிங் திரும்பும் அச்சு எவ்வளவு உள்ளே சாய்ந்திருக்கிறது என்பது அது. வலது 12 டிகிரி 30 நிமிடம், இடது 11 டிகிரி. இதோடு கேம்பரைக் கூட்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும் 12 டிகிரி 10 நிமிடம்! கூட்டுத்தொகை சமம் என்றால் நக்கிளும் ஸ்ட்ரட்டும் வளையவில்லை, அவை உட்கார்ந்திருக்கும் இடம் நகர்ந்திருக்கிறது. கூட்டுத்தொகை மாறியிருந்தால் நக்கிளையோ ஸ்ட்ரட்டையோ சந்தேகப்பட வேண்டும்.

லோயர் ஆர்ம் புத்தம் புதுசு. முந்தின பட்டறைக்காரர் அதை மாற்றியிருக்கிறார். பிறகு கொத்தனாரின் தூக்குக்குண்டையும் டேப்பையும் எடுத்தோம். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இடது பக்கம் 12 மில்லிமீட்டர் குறைவு. அடியில் குறுக்கு மறுக்காக அளந்தால் 14 மில்லிமீட்டர் வித்தியாசம். கறுப்புப் பூச்சைச் சுரண்டினால் இடது சேஸிஸ் காலில் பழைய சுருக்கம். அடி அங்கே வாங்கியிருக்கிறது, வைத்தியம் டை ராடில் நடந்திருக்கிறது.

வாங்குவதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு. பழைய இன்சூரன்ஸ் பாலிசியைக் கேளுங்கள். நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். அது வண்டிக்கு அல்ல, உடையவருக்குச் சேர்வது. ஆனாலும் திடீரென்று பூஜ்யமாகியிருந்தால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பழுதுச் செலவு ஐ.டி.வி. மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கணக்கு முடிப்பார்கள். அப்படி முடித்த வண்டியும் பழுது பார்த்துச் சந்தைக்குத் திரும்பி வரும், ஞாபகம் இருக்கட்டும்.

பானட், ஃபெண்டர் போல்ட் தலைகளில் பெயின்ட் உரிந்திருக்கிறதா? ஸ்டெப்னி இருக்கும் குழி கசங்கியிருக்கிறதா? டயரின் மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியேயும், வெளியிலிருந்து உள்ளேயும் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பம் மாதிரி கீறினால் டோ கோளாறு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் முதலில் கேம்பரைப் பாருங்கள். மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர், வீல் பேலன்ஸ் இரண்டையும் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும் முன் காற்றைச் சரிபாருங்கள். நம் ரோடு ஓரத்துக்குச் சரிந்திருக்கும். இடது பக்கம் கொஞ்சம் போவது இயல்பு. இழுவை அதிகம் என்றால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றுங்கள். இழுவையும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர். மாறாவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, அடியில் படுத்துப் பாருங்கள். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் டயர் கத்தினால் ஸ்டியரிங் ஆர்மைச் சந்தேகப்படுங்கள். தண்ணீரில் ஏற்றி நேராக ஓட்டச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். பின் சக்கரத் தடம் முன் தடத்தைவிட்டு ஒரு பக்கமாக விலகினால் அந்த வண்டிக்கு நண்டு நடை.

தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புக்கும் இதே கதைதான். அங்கே பட்டையின் சென்டர் போல்ட் அறுந்தால் அச்சே ஒரு பக்கம் நகர்ந்துவிடும். உள்ளே இருப்பது கூலிக்குப் போகிற நம் அக்கா தங்கச்சிகள்.

கணக்குப்பிள்ளையிடம் செலவைச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "அண்ணே, புது டயர் போட்டு வேற யார் தலையிலயாச்சும் கட்டிரலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. கடன் வாங்கி வாங்கின வண்டி. "கட்டிரலாம் தம்பி. வாங்குறவனும் இதே மெட்டுலதான் இறங்குவான். எதிர்ல நீங்க ஏறிக்கிட்டு இருப்பீங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "மதுரைக்கு அனுப்புங்கண்ணே" என்றார். அங்கே ஃபிரேம் பெஞ்சில் ஏற்றி இழுத்து, கிராஸ் மெம்பரை மாற்றினோம். இடது கேம்பர் மைனஸ் 10 நிமிடத்துக்கு வந்தது, வீல்பேஸ் வித்தியாசம் 2 மில்லிமீட்டராகக் குறைந்தது. அதற்கு முன்னும் பின்னும் எடுத்த சீட்டு இரண்டையும் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருக்கிறார். நாளைக்கு விற்றாலும் காட்டித்தான் விற்பேன் என்கிறார்.

நம் பேட்சில் இன்சூரன்ஸ் சர்வேயர் இருக்கிறார், வங்கி மேனேஜர் இருக்கிறார், கார் வியாபாரமும் செய்கிறார்கள். உங்களிடம் ஒரே வேண்டுகோள். அலைன்மென்ட் பார்த்தால் திருகுவதற்கு முன் எடுத்த ரீடிங்கையும், காஸ்டரோடு சேர்த்து, கேட்டு வாங்குங்கள். வண்டியை விற்கும்போது அது அடிபட்ட கதையை வாங்குகிறவரிடம் சொல்லி விற்றுவிடுங்கள். விலை கொஞ்சம் குறையும். அவர் வீட்டுப் பிள்ளைகளும் பத்திரமாக மலை இறங்கி வரட்டும்.

சாப்பாடு தயாராகிவிட்டது என்று செயலாளர் சாடை காட்டுகிறார்.