ஹனூர்க் காடும் மூன்று நூல்களும்

ஹனூர் அடங்கிய பழைய கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆதலின் மாதேசுவர மலைக்காடு நமக்கு அயலன்று. அதனை அறிய விழைவோர்க்கு மூன்று ஆங்கில நூல்கள் உதவும். மீன்பிடிப்போர்க்கு, தாமஸ் 1873இல் எழுதிய ‘இந்தியாவில் தூண்டில்’. யானையின் இயல்பறிய, மைசூர் அரசுக்காக யானைகள் பிடித்த சாண்டர்சனின் 1878ஆம் ஆண்டு நூல். அடிச்சுவடு கண்டு விலங்கறிய, பெங்களூர் கென்னத் ஆண்டர்சன் 1954இல் ஆட்கொல்லிகளைப் பற்றி வெளியிட்ட நூல்.

மூவரும் வேட்டையாடியவரே. எனினும், 1972ஆம் ஆண்டின் சட்டப்படி இன்று வேட்டை குற்றம்; காவிரியின் பெருமீனாகிய மகசீரோ மிகவும் அருகிவிட்டது. அவர்களுடைய துப்பாக்கியும் தூண்டிலும் நமக்கு வேண்டா. பொறுமையும் கூர்ந்த நோக்கும் போதும். அடுத்த விடுமுறையில் ஆற்றங்கரைக்கு இவற்றுள் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.