பம்பைக் குற்றம் சொல்லுமுன் விசாரியுங்கள்

(தோட்ட வாகன ஓட்டிகளுக்கும் கிராணிமார்களுக்கும் நடைபெற்ற வகுப்பில் ஆற்றிய உரை)



டீசல் பிக்கப் வண்டியின் எண்ணெய்ப் பம்பில் கோளாறு என்றால் அதை எப்படிக் கண்டறிவது என்று பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். பட்டறைக்காரர் பேச்சு பால் வெட்டுகிறவர்களுக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். மரத்திலிருந்து இறங்கிய பால் நமக்காகக் காத்திருப்பதில்லை. அமோனியா கலந்தால் தாங்கும். கலக்காவிட்டால் சில மணி நேரத்தில் உறையத் தொடங்கிவிடும். வண்டி வழியில் நின்றால் பால் கட்டியாகும். பாலாக விற்க வேண்டியது கட்டிப்பால் விலைக்குப் போகும். பிறகு "வண்டியைக் கெடுத்தவன் யார்?" என்று கேள்வி எழும். அது கடைசியில் யார் தலையில் விடியும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இது நம் எல்லாருக்கும் உரிய விஷயம்.

நான் சொல்ல வந்தது ஒன்றே. வண்டி நின்றதும் "பம்பு போயிற்று" என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். பம்பு கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய பொருள்.

நம் தோட்டங்களில் ஓடுகிற டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியை எடுத்துக் கொள்வோம். 2005-இல் வந்த வகையில் 2.5 லிட்டர் டீசல் இயந்திரம் உண்டு. அதன் பம்பு இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, தொட்டியிலுள்ள டீசலை வடிகட்டி வழியாக உறிஞ்சி இழுப்பது. மற்றொன்று, அதை ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் 'காமன் ரெயில்' என்ற இரும்புக் குழாய்க்குத் தள்ளுவது. டயரில் நாம் ஏற்றும் காற்று இரண்டு மூன்று பார்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். இரண்டு வேலைகளுக்கும் நடுவே, எவ்வளவு டீசல் உள்ளே போகலாம் என்று அளந்துவிடுகிற வால்வு ஒன்று இருக்கிறது. பட்டறையில் அதை எஸ்.சி.வி. என்பார்கள்.

இனி விசாரணைக்கு வருவோம்.

முதலாவது, பேட்டரி. இயந்திரம் வேகமாகச் சுற்றினால்தான் பம்பு அழுத்தத்தை உண்டாக்கும். பேட்டரி தளர்ந்திருந்தால் நல்ல பம்பும் கெட்ட பம்பைப் போலவே தோன்றும்.

இரண்டாவது, தொட்டி. மூடியில் காற்றுப் போகும் வழி அடைபட்டால், டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி வண்டி நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று சத்தம் கேட்டு, பிறகு வண்டி ஓடினால், குற்றவாளி அந்த மூடிதான்.

மூன்றாவது, தண்ணீர். வடிகட்டியின் அடித்திருகைத் திறந்து கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடியுங்கள். தண்ணீர் அடியில் நிற்கும். டீசல் மேலே மிதக்கும். நம் நாட்டில் 2019-இல் போக்குவரத்து டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கலப்பது நடைமுறைக்கு வந்தது. அது பழைய டீசலைவிட ஈரத்தை அதிகம் வாங்கும். தொட்டியில் படிந்த கசடையும் கிளப்பிவிடும். எனவே வடிகட்டியை அடிக்கடி பார்ப்பது அவசியம்.

நான்காவது, காற்று. இளநீர் குடிக்கும் குழலில் ஓட்டை விழுந்தால் இளநீர் வெளியே ஒழுகாது. காற்றுத்தான் உள்ளே போகும். தொட்டிக்கும் பம்புக்கும் இடைப்பட்ட குழாயும் அப்படியே. தரையில் ஒரு சொட்டு விழாமலேயே வண்டி நின்று போகலாம். இரவு நிறுத்திய வண்டி காலையில் கிளம்ப மறுத்து, வடிகட்டியின் மேலுள்ள கைப்பம்பை அமுக்கியதும் கிளம்பினால், காற்றைச் சந்தேகியுங்கள். வடிகட்டிக்கும் பம்புக்கும் இடையே, டீசலைத் தாங்கக்கூடிய ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டைத் தற்காலிகமாகப் பொருத்தினால், குமிழிகள் கண்ணுக்குத் தெரியும்.

ஐந்தாவது, அடைப்பு. சமதரையில் ஒழுங்காக ஓடி, பால் டிரம்முகளோடு மேடு ஏறும்போது மட்டும் மூச்சுவாங்குகிறதா? வடிகட்டியை மாற்றிப் பார்த்த பிறகு மற்றதைப் பேசுங்கள்.

இவ்வளவும் பார்த்தாயிற்று, கோளாறு தீரவில்லை. பட்டறையில் கணினியைப் பொருத்துகிறார்கள். "ரெயிலில் அழுத்தம் குறைவு" என்று அது காட்டுகிறது. உடனே "பம்பை மாற்று" என்கிறார்கள். தோழர்களே, கணினி சொன்னது குற்றச்சாட்டு. அது தீர்ப்பு அல்ல! அழுத்தம் குறைவு என்றுதான் அது சொன்னது. யாரால் குறைந்தது என்று சொல்லவில்லை. இன்ஜெக்டர் தேய்ந்து டீசலைத் திருப்பி அனுப்பினாலும் அழுத்தம் குறையும். நான்கு இன்ஜெக்டருக்கும் நான்கு போத்தல் வைத்து, எது அதிகம் திருப்புகிறது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள்.

வண்டி நிற்கும் நிலையில் இயந்திரச் சத்தம் ஏறி இறங்குகிறதா? காலை எடுத்ததும் அணைந்து போகிறதா? எஸ்.சி.வி. வால்வைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதைத் தனியாக மாற்றலாம். அதற்காக முழுப் பம்பையும் வாங்க வேண்டியதில்லை. வடிகட்டியிலோ பம்பின் வாயிலோ பளபளக்கும் இரும்புத் தூள் கண்டால் நிலைமை வேறு. பம்பு உள்ளே தேய்கிறது என்று பொருள். அப்போது குழாய், ரெயில், தொட்டி அனைத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் புதுப் பம்பும் அதே வழியில் போகும்.

ஓர் எச்சரிக்கை. பழைய வண்டிகளில் இயந்திரம் ஓடும்போதே இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது வழக்கம். காமன் ரெயில் வண்டியில் அதைச் செய்யவே கூடாது! அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். முதலில் வலிகூட இராது. ஆனால் விரலை, ஏன், கையையே இழக்க நேரிடலாம். ஒழுக்கைக் கையால் தடவித் தேடாதீர்கள். அட்டையை நீட்டிப் பாருங்கள். டீசல் தோலுக்குள் பாய்ந்துவிட்டால் மருந்து தடவிக் கொண்டிராமல், அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போய், நடந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். டீசல் டிரம்மை மழையில் நிமிர்த்தி வைக்கவிடாதீர்கள். மேலே தேங்கும் மழைத்தண்ணீர், இரவில் டிரம் குளிரும்போது மூடியின் இடுக்கு வழியாக உள்ளே இழுக்கப்படும். கூரையின் கீழ் வையுங்கள். இடமில்லையென்றால், இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி படுக்க வையுங்கள். டீசல் வந்த நாள், வடிகட்டி மாற்றிய நாள், தண்ணீர் இறக்கிய நாள், வண்டி ஓடிய கிலோமீட்டர் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். வண்டி நிற்கும் நாளில் அந்த நோட்டே சாட்சி.

ஏனென்றால், பம்புக்கு உள்ள நியாயம் மனிதனுக்கும் வேண்டும். வண்டி ஓட்டியவன் என்பதற்காக ஒருவனைக் குற்றவாளியாக்க முடியாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, நடத்தைக் குற்றத்துக்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குமுன் முறையான விசாரணை வேண்டும் என்கிறது. 24-ஆம் பிரிவோ, சட்டம் அனுமதித்த கழிவுகளைத் தவிர வேறு எதையும் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்கிறது. பம்புச் செலவு உங்கள் தலையில் வந்தால், எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுமுன் சங்கத்துக்கு வாருங்கள். வரும்போது அந்த நோட்டின் நகலைக் கொண்டு வாருங்கள். அடுத்த முறை வண்டி நின்றால், முதலில் தேட வேண்டியது ஒரு கண்ணாடிப் போத்தலை. ஓர் ஆளை அல்ல.