ஒரே ஆல்பம், இரண்டு பிறப்பு
(இசை மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஹெவி மெட்டல் என்றதுமே பின்வரிசையில் சிலர் காதைப் பொத்துவது தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்!

1981-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் நான்கு பேர் சேர்ந்து 'மோட்லி க்ரூ' குழுவைத் தொடங்கினார்கள். பெரிய கம்பெனி கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. 'லெதர் ரெக்கார்ட்ஸ்' என்று சொந்தப் பெயர் போட்டு, அந்த நவம்பரிலேயே 'டூ ஃபாஸ்ட் ஃபார் லவ்' ஆல்பத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். மொத்தம் பத்துப் பாட்டு.

அடுத்த வருஷமே எலெக்ட்ரா கம்பெனி அவர்களைச் சேர்த்துக்கொண்டது. ஆல்பத்தை அப்படியே மறுபதிப்புப் போட்டார்களா? அதுதான் இல்லை. 'குயின்' குழுவின் 'பொஹீமியன் ராப்சடி'யைத் தயாரித்தவர்களில் ஒருவரான ராய் தாமஸ் பேக்கரை அழைத்து மறுபடி மிக்ஸிங் செய்தார்கள். 'ஸ்டிக் டு யுவர் கன்ஸ்' அமெரிக்கப் பதிப்பிலிருந்து போயே போச்சு! எட்டாவதாக இருந்த 'கம் ஆன் அண்ட் டான்ஸ்' இரண்டாவது இடத்துக்கு ஏறியது.

கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. ஆல்பம் அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளைத் தொட்டது அந்தப் பெயரின் பலத்தில்தான். ஆனால் பழைய மிக்ஸ் சிடி தொகுப்பில் வர 2003 ஆகிவிட்டது. அதுவரை கடையில் வாங்கிக் கேட்டவர்களுக்கு மறுபதிப்புதான் 'முதல் ஆல்பம்'.

எனக்கென்னவோ 1981-தான் பிடிக்கிறது. முரட்டுத்தனம் அதில்தான் மிச்சம் இருக்கிறது. பேக்கர் மெருகு போட்டதில் அது கொஞ்சம் அடங்கிப்போச்சு. என் வகுப்புத் தோழர் ஒருவர் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார்!

இப்போது இரண்டையும் அடுத்தடுத்துப் போடுகிறேன். பழையது முதலில்.