இரு தீர்ப்புகள் பெற்ற ஒரு படம்

மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரையில் வரும் படம் அலங்காரமன்று, அதுவே சாட்சி. கலங்களிலிருந்து பிரித்த புரதங்களை மின்னோட்டத்தால் நகரச்செய்து, மென்தாளொன்றுக்கு மாற்றிப் பிறபொருளெதிரிகளால் இனங்காண்பர். தேடிய புரதம் உள்ள இடத்தில் கரிய பட்டை தோன்றும். 'வெஸ்டர்ன் பிளாட்' என்னும் இம்முறையில், பட்டையின் பெயர்ச்சீட்டு மாறினால் சாட்சியமே மாறிவிடும்.

இந்தியாவில் அத்தகைய ஐயமொன்று எழுந்தது. புனே தேசிய கல விஞ்ஞான நிலையத்தில் கோபால் குண்டுவின் குழுவினர் புற்றுநோய்க் கலங்களைப் பற்றி 2005 இல் வெளியிட்ட கட்டுரையே அதற்கு இலக்காயிற்று. ஒரே பட்டைகள் வெவ்வேறு பரிசோதனைகளின் பெயரில் அச்சேறின என்பது குற்றச்சாட்டு. சொன்னவர் தம் பெயரைச் சொல்லவில்லை. 'ஜர்னல் ஆப் பயலாஜிக்கல் கெமிஸ்ட்ரி' என்னும் அமெரிக்க சஞ்சிகை 2007 இல் கட்டுரையை மீட்டுக்கொண்டது. உயிர் இரசாயன அறிஞர் கோ. பத்மநாபன் தலைமையிலான விசாரணைக் குழுவோ, மோசடி நிகழவில்லை என்றது. படம் ஒன்று, தீர்ப்பு இரண்டு!

அச்சுப் படத்தின் ஒற்றுமை ஐயத்தை எழுப்பலாம். அதைத் தீர்க்க மூலப் படலமே வேண்டும். அது பேணப்படாத ஆய்வுகூடத்தில் நேர்மையாளனும் தன்னைக் காத்துக்கொள்ள இயலாது.

இது புனேக்கு மட்டும் உரிய தொல்லையன்று. எலிசபெத் பிக் என்பாரும் துணைவர் இருவரும் 20,621 கட்டுரைகளைப் பரிசோதித்து, ஏறத்தாழ நூற்றுக்கு நான்கில் ஐயத்துக்குரிய படங்கள் உள்ளன என 2016 இல் அறிவித்தனர். அவற்றுள் கவனக்குறைவும் உண்டு. ஆனால், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மருந்துச் சீட்டுடன் நிற்கும் நோயாளிக்கு அவ்வேற்றுமையால் ஆவதென்ன? பிழையான பட்டையை நம்பிப் பிறர் செலவிட்ட ஆண்டுகள் திரும்புவதில்லை. இன்று சில சஞ்சிகைகள் வெட்டப்படாத மூலப் படங்களையும் கட்டுரையுடன் கேட்கின்றன.