முதற்பனை

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



எழுபதுகளில் படித்த எங்கள் வகுப்பின் சார்பில் ஏதாவது பேசும்படி கேட்டார்கள். பரிசளிப்பு விழாக்களையும் வலைப்பந்தாட்டத்தையும் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தை ஊராகக் கொண்ட நாங்கள், விடுமுறைக்கு ஊர் போன கதையைச் சொல்கிறோம்.

1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய யாழ்தேவிதான் எங்கள் வண்டி. கோட்டையில் அதிகாலையில் ஏறி யன்னலோரத்துக்குச் சண்டை பிடிப்போம். வேயங்கொடை, பொல்காவலை வரை தென்னையும் ஈர வயலும்தான். பொல்காவலையில் கண்டிப் பாதை பிரிந்து போகும். குருநாகலில் யானை படுத்தது போன்ற கல்மலை. மாகோவில் எங்கள் சிங்களத் தோழி ஒருத்தி இறங்குவாள். வண்டி நகரும்வரை கையசைப்போம். அதன்பின் காற்று உலரும், குளங்கள் வரும். அநுராதபுரத்தில் தாதுகோபம், மதவாச்சியில் மன்னார்ப் பாதை, வவுனியாவுக்கு அப்பால் பாலையும் வீரையும் முதிரையுமான காடு.

அங்கேதான் எங்கள் விளையாட்டு ஆரம்பம். முதற்பனையை யார் காண்பது? கண்டவளுக்கு மற்றவர்களின் பங்கிலிருந்து ஆளுக்கொரு வடை. ஒற்றைப் பனை கணக்கில் சேருமா, கூட்டமாக நிற்கவேண்டுமா என்ற சட்டச் சிக்கல்கள் வேறு. ஆனையிறவு ஓகஸ்டில் உப்பாக வெளுத்துக் கிடக்கும். டிசம்பரில் அதே இடம் தண்ணீர். புவியியல் ஆசிரியை வடகீழ்ப் பருவக்காற்றைக் கரும்பலகையில் கீறியபோது, எங்களுக்கு அது முன்பே தெரிந்த விஷயம்.

1983 ஜூலையில் எங்களில் பலர் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்தோம். சிலர் கைக்குழந்தைகளோடு. பிறகு காங்கேசன்துறைக்குக் கப்பல் ஏற்றினார்கள். வழியெங்கும் கடல். பொல்காவலையும் இல்லை, மாகோவும் இல்லை. வெளிச்சவீட்டைக் கண்டபோது யாரோ அழத் தொடங்கினார்கள். முதற்பனை யாருக்கும் நினைவில் வரவில்லை.

1990 ஜூனோடு புகையிரதமும் நின்றது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, சிலிப்பர்க் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குப் போயின. எங்கள் தங்கைமார் கிளாலிக் கடலேரியை இருட்டில் வள்ளத்தில் கடந்தார்கள். பிந்தி வந்தவர்கள் இரத்மலானையிலிருந்து பறந்தார்கள். 2002இல் ஏ9 பாதை திறந்தபோது பஸ்ஸில் போனோம். முறிகண்டியில் பிள்ளையாரும் கச்சானும் இருந்தன. காட்டோரத்தில் மண்டையோடு கீறிய சிவப்புக் கண்ணிவெடிப் பலகைகளும் இருந்தன. 2006 ஓகஸ்டில் அதுவும் மூடப்பட்டது.

இந்த மண்டபத்தில் இருக்கும் இளையவர்களே, உங்களில் பலருக்கு ஊர் என்றால் பெற்றோர் சொன்ன ஒரு பெயர். அது உங்கள் குற்றமில்லை. நாங்கள் ஒரு நாள் முழுக்க யன்னலால் பார்த்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்கு யாரும் காட்டவில்லை. மாகோத் தோழி தன் ஊருக்கு அதே வண்டியில் போய்வந்துகொண்டுதான் இருந்தாள். கடிதங்களில் அதைப் பற்றி எழுதமாட்டாள், நாங்களும் கேட்கமாட்டோம்.

2014 ஒக்டோபர் 13இல் வண்டி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. அடுத்த விடுமுறைக்கு நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து ஏறினோம், ரொறன்ரோவிலிருந்து வந்த ஒரு பேத்தியும் கூட. குளிரூட்டிய பெட்டி, யன்னல் திறக்கமுடியாது. அது எங்களுக்குப் பிடிக்கவில்லை. பொல்காவலை அப்படியே இருந்தது, குருநாகல் யானை அசையவில்லை. வவுனியா தாண்டியதும் பேச்சு நின்றது. காடு விலகிப் போயிருந்தது. புது நிலையங்கள் எல்லாம் ஒன்றுபோல இருந்தன. கிளிநொச்சி எது, பரந்தன் எது என்று பலகையை வாசித்துத்தான் சொல்லமுடிந்தது.

பேத்திக்கு விளையாட்டைச் சொல்லிக் கொடுத்திருந்தோம். ஆனையிறவுப் பக்கம் அவள்தான் முதலில் கத்தினாள். பார்த்தால், செல்லடியில் வட்டு முறிந்த வெறும் மரம். தலையில்லாததை எண்ணலாமா என்று ஒருத்தி கேட்டாள். எண்ணத்தான் வேண்டும் என்றாள் மற்றவள். பளை வரும்வரை வாதாடினோம். பிள்ளைக்கு ஐந்து வடை கிடைத்தது.