நிறத்தை நம்பலாமா?



மளிகைக் கடைக்கு டீத்தூள் வாங்க வருகிறவர் பெரும்பாலும் என்ன கேட்கிறார்? "இந்தத் தூள் நல்லா நிறம் விடுமா?" என்று கேட்கிறார். கடைக்காரர் தலையாட்டுகிறார். பொட்டலம் கை மாறுகிறது. வீட்டில் தேநீர் நன்றாகச் சிவந்து வந்தால் எல்லோருக்கும் திருப்தி.

நிறம் இருந்தால் தரம் இருக்கும் என்பது பலருடைய நம்பிக்கை. இந்த நம்பிக்கை சரியா? இந்தியாவில் குடிக்கும் தேநீர் வகைகளைத் தெரிந்துகொண்டால் விடை கிடைத்துவிடும்.

தேயிலை ஒரே இனச் செடிதான். அஸ்ஸாம் காடுகளில் அது தானாகவே வளர்ந்தது. அங்குள்ள சிங்ஃபோ பழங்குடி மக்கள் அதைக் காய்ச்சிக் குடித்து வந்தார்கள். வெள்ளைக்காரர்களுக்கு அந்தச் செடி 1823இல்தான் தெரிய வந்தது.

செடியில் இருக்கும்போது கொழுந்து பச்சை நிறம். தேநீருக்குச் சிவப்பு நிறம் எப்படி வருகிறது? வாழைக்காயை நறுக்கி வைத்தால் சற்று நேரத்தில் கறுக்கிறது அல்லவா? காற்றுப் படுவதால் கறுக்கிறது. தேயிலையும் அப்படித்தான். கொழுந்தை வாட வைப்பார்கள். பிறகு நசுக்குவார்கள். காற்றுப் பட்டதும் அது செம்பழுப்பு நிறமாகும். அதன்பின் சூட்டில் உலர்த்துவார்கள்.

அஸ்ஸாமிலும் நீலகிரியிலும் பெரும்பாலும் இயந்திர உருளைகளில் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுகிறார்கள். இலை சிறு சிறு மணிகளாக வருகிறது. இதற்குச் சி.டி.சி. தேயிலை என்று பெயர். இது சீக்கிரம் நிறம் விடும். பால் ஊற்றினாலும் சுவை குறையாது. இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தால், மழை நாளில் அந்த மணமே உடம்புக்குத் தெம்பு தரும்.

டார்ஜிலிங் தேயிலை வேறு விதம். அங்கே இலையைக் கிழிக்காமல் முறுக்கிப் பக்குவம் செய்கிறார்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் கிடைக்கும் முதல் கொழுந்துக்குத் தனி மதிப்பு. கொதித்த நீரை அதன்மேல் ஊற்றி, மூடி வைத்து, 3 நிமிடம் கழித்து வடிகட்ட வேண்டும். பால் வேண்டாம். நிறம் வெளிர் பொன் போலத்தான் இருக்கும். மணமோ பூ மணம். விலையோ மிக அதிகம்!

இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் பச்சைத் தேயிலையும் செய்கிறார்கள். பறித்த கொழுந்தை உடனே சூடாக்கிவிடுவதால் அது சிவப்பதில்லை. காஷ்மீரில் பச்சைத் தேயிலையைச் சமையல் சோடா போட்டு நெடுநேரம் காய்ச்சுவார்கள். பாலும் உப்பும் சேர்த்ததும் அது ரோஜா நிறமாகிவிடும்.

பார்த்தீர்களா? பொன் நிறம், பச்சை நிறம், ரோஜா நிறம், சிவப்பு நிறம். எல்லாமே நல்ல தேநீர்தான். ஆகவே, நிறத்தை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது.

"நிறம் விடுமா?" என்ற கேள்வியே ஏமாற்றுக்காரருக்கு வசதியாகப் போய்விடுகிறது. அவர் என்ன செய்கிறார்? ஒரு முறை வடிகட்டிய சக்கையைக் காய வைக்கிறார். சாயம் ஏற்றுகிறார். புதுத் தூள் என்று விற்கிறார். தேயிலையில் சாயம் சேர்ப்பது சட்டப்படி குற்றம். அது உடம்புக்கும் கெடுதல்.

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். நீரை உறிஞ்சும் வெள்ளை வடிதாள் ஒன்றை எடுங்கள். அதில் கொஞ்சம் தூளைப் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். பிறகு தூளைக் கழுவிவிட்டு, தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல தூள் என்றால் கறை இருக்காது. சாயத் தூள் என்றால் தண்ணீர் பட்டவுடன் கறை பிடிக்கும். இரும்புத் தூள் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு காந்தம் போதும்.

பொட்டலத்தில் வாங்கினால் அதன் மேல் இருப்பதைப் படியுங்கள். தயாரித்தவர் பெயர், எடை, தேதி, 14 இலக்கம் கொண்ட உணவு உரிம எண், எல்லாம் இருக்கின்றனவா? எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவருக்கு இது கடினமான வேலை அல்ல. படித்தவரை ஏமாற்றுவது எளிதும் அல்ல.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உணவில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. ரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது.

டார்ஜிலிங் மலைச் சரிவில் பெண்கள் கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கிறார்கள். இரண்டு இலை, ஒரு மொட்டு என்று பார்த்துப் பார்த்துக் கிள்ளுகிறார்கள். ஒரு கிலோ தேயிலைக்கு 4 கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். அஸ்ஸாம் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் பலர், வேலைக்கு நடுவே குடிப்பது பாலில்லாத உப்புத் தேநீர். சக்கைக்குச் சாயம் ஏற்றி விற்பவர் வாங்குபவரை மட்டுமா ஏமாற்றுகிறார்? இவர்களுடைய உழைப்பையும் அவமதிக்கிறார்.

நண்பர்களே! அடுத்த முறை கடையில் "நிறம் விடுமா?" என்று கேட்காதீர்கள். "எந்த ஊர்த் தேயிலை? எப்போது பொதி செய்தது?" என்று கேளுங்கள். பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள். பிறகு நிம்மதியாக ஒரு தேநீர் குடியுங்கள்.